ஆபரேஷனுக்கு முன் இதயப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளிகளைப் பார்த்துப் பேசுவது என் அன்றாட வேலை. மூட்டு, குடல், கர்ப்பப்பை, கண் என்று எதற்காக வந்தவரானாலும், பேச்சு இதயத்துக்குத் திரும்பினால் கூட வந்தவர்கள் உட்பட எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன்.

இது இதயத்தில் செய்யும் அறுவைச் சிகிச்சைகளைப் பற்றியது அல்ல. உடலின் மற்ற இடங்களில் செய்யும் ஆபரேஷன்களுக்கு முன்னால் இதயத்தைப் பார்ப்பது பற்றியது. மாத்திரைகளைப் பற்றி வரும் இடங்களைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளத்தான் இது.

"முட்டியிலதானே ஆபரேஷன், இதயத்தை எதுக்குப் பார்க்கறீங்க?"

கத்தி படுவது முட்டியில்தான். ஆனால் அதன் பாரம் இதயத்தின் மேல் விழுகிறது. வலியும் திசுக்காயமும் அட்ரினலின் போன்ற சுரப்புகளை ஏற்றிவிடும். நாடி வேகமாகும், ரத்தம் எளிதில் உறையும் நிலைக்குப் போகும். இன்னொரு பக்கம் ரத்தம் இழப்பதாலும் மயக்க மருந்தாலும் ரத்த அழுத்தம் இறங்கலாம். நாடி ஏறி அழுத்தம் இறங்கும்போது இதயத் தசைக்குத் தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது.

நல்ல இதயம் இதைச் சமாளித்துவிடும். ரத்தக்குழாய் சுருங்கிய இதயமோ, ஏற்கெனவே பலவீனமான இதயமோ திணறும். ஆபரேஷனை ஒட்டி வரும் மாரடைப்புகளில் சில, குழாயில் புதிதாக ரத்தக்கட்டி அடைத்து வருபவை. மற்றவை அடைப்பே இல்லாமல், இந்தத் தேவை–வரத்து இடைவெளியால் மட்டுமே வருபவை.

"ஹார்ட் ஃபிட்னஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுத் தந்தா போதும்ல?"

என் வருத்தமே இந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது. வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுப்பதைப் போல மனிதனுக்குக் கொடுக்க முடியாது. "ஃபிட்" என்று எழுதிய சீட்டு இருந்தால் ஒன்றும் ஆகாது என்று குடும்பம் நினைக்கிறது. இல்லையென்றால் ஆபரேஷனே கூடாது என்று நினைக்கிறது. இரண்டுமே தவறு.

உண்மையில் நாங்கள் தேடுவது மூன்று விஷயங்கள். இவருக்கு, இந்த ஆபரேஷனில், இதயத்தால் வரக்கூடிய ஆபத்து எவ்வளவு? அதைக் குறைக்க முன்கூட்டியே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? குறைக்க முடியாத மிச்ச ஆபத்தை எப்படிக் கண்காணிப்பது? நல்ல அறிக்கை ஒன்றில் இந்த மூன்றுக்கும் பதில் இருக்கும். "அறுவைக்கு ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் எழுதிய தாளை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

"முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

அவசரமா என்று. குடல் கிழிந்து வந்தவரிடமோ உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருப்பவரிடமோ இதயப் பரிசோதனைக்கு நேரம் செலவிட்டால் நோயாளியையே இழந்துவிடுவோம். அங்கே தெரிந்ததை வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான்.

அவசரம் இல்லையென்றால், இதயத்தில் இப்போது தீவிரமாக ஏதாவது நடக்கிறதா என்று பார்ப்போம். அண்மையில் வந்த மாரடைப்பு, ஓய்வில்கூட வரும் நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறும் அளவுக்கு முற்றிய இதயச் செயலிழப்பு (இதயம் நிற்பது அல்ல, ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத நிலை), கட்டுக்குள் வராத இதயத் துடிப்புக் கோளாறு, அறிகுறிகளோடு கூடிய வால்வுச் சுருக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனைத் தள்ளிவைத்து, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழாய்) வைக்காதவர்களும் குறைந்தது 60 நாட்கள் பொறுப்பது வழக்கம். பக்கவாதம் வந்தவர்கள் குறைந்தது 3 மாதம்.

இதெல்லாம் இல்லையென்றால் மூன்று பக்கமும் எடைபோடுகிறோம்: ஆபரேஷனின் தன்மை, நோயாளியின் பழைய நோய்கள், அவரால் எவ்வளவு உழைக்க முடிகிறது என்பது.

"எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே ஆபத்துதானா?"

இல்லவே இல்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் 30 நாட்களுக்குள் இதய ஆபத்து எவ்வளவு என்பதை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. கண், பல், மார்பகம், தோலுக்கடியில் செய்யும் சிறு அறுவைகள் 1 சதவீதத்துக்குக் கீழ். பித்தப்பை, இடுப்பெலும்பு, முதுகுத்தண்டு போன்றவை 1 முதல் 5 சதவீதம். பெருந்தமனி, கணையம், உணவுக்குழாய், ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுப்பது போன்றவை 5 சதவீதத்துக்கு மேல். ஒரே ஆள் கண்புரைக்கு வந்தால் எங்களுக்குக் கவலையில்லை. கணையத்துக்கு வந்தால் இரண்டு முறை யோசிப்போம்.

"மாடிப்படி ஏறுவீங்களான்னு ஏன் எல்லா டாக்டரும் கேக்கறாங்க?"

ஆபரேஷன் சமயத்தில் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதற்கான இருப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத வழி அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை 1 மெட் என்பார்கள். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி. இரண்டு மாடி நிற்காமல் ஏறுவதற்கு ஏறக்குறைய 4 மெட் வேண்டும். அதுவரை மூச்சிரைக்காமல், நெஞ்சு இறுகாமல் போகிறவருக்குப் பெரும்பாலும் மேற்கொண்டு சோதனைகள் தேவைப்படுவதில்லை.

ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "நல்லா நடப்பேன் சார்" என்பார் ஒருவர். "கடைசியா எப்ப மாடி ஏறினீங்க?" என்றால் யோசிப்பார். பக்கத்தில் நிற்கும் மகள், "அப்பா பாதிப் படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஃபோன் பார்க்கிற மாதிரி நிப்பாரு" என்பாள். அந்த ஒரு வரியில் எனக்கு வேண்டியது கிடைத்துவிடும். 2018-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், மருத்துவர்கள் வெறும் பேச்சை வைத்துப் போட்ட கணக்கு, உடல்திறன் 4 மெட்டுக்குக் கீழே இருந்தவர்களில் ஐந்தில் ஒருவரைத்தான் கண்டுபிடித்தது. அதனால் இப்போது "டியூக்" வினாப்பட்டியல் பயன்படுகிறது. குளிப்பது, ஒரு மாடி ஏறுவது, கொஞ்ச தூரம் ஓடுவது, கனமான பொருளை நகர்த்துவது என 12 கேள்விகள். முழு மதிப்பெண் 58.2. 34-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும்.

"முட்டி வலியால மாடியே ஏற முடியாது. அப்ப என்ன பண்ணுவீங்க?"

முட்டி மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது. இங்கே ஏறாதது இதயத்தாலா, முட்டியாலா என்று பிரித்தறிய முடியாது. அதனால் உடல்திறன் "தெரியவில்லை" என்றுதான் எழுதிக்கொள்வோம். "மோசம்" என்று எழுதுவது அநியாயம். வலி வருவதற்கு முன் எவ்வளவு செய்தார்கள், கைகளால் என்ன வேலை செய்கிறார்கள், படுத்திருக்கும்போது மூச்சு எப்படி என்று விசாரிக்கலாம். பழைய நோய்களும் சேர்ந்து இருந்தால், பின்னால் சொல்லப்போகும் ரத்தப் பரிசோதனை இவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

"நெட்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு 3 பாயின்ட் வருது. 3-ன்னா என்ன?"

நீங்கள் பார்த்தது அநேகமாக "லீ" குறியீடு. 1977-இல் அமெரிக்க மருத்துவர் லீ கோல்ட்மனும் சக மருத்துவர்களும் இப்படியொரு கணக்கை முதலில் போட்டார்கள். 1999-இல் தாமஸ் லீ தலைமையில் அதை எளிமையாக்கினார்கள். ஆறே கேள்விகள். பெரிய ஆபரேஷனா (வயிற்றுக்குள், மார்புக்குள், அல்லது தொடையிடுக்குக்கு மேலே உள்ள ரத்தக்குழாயில்)? இதய ரத்தக்குழாய் நோய் உண்டா? இதயச் செயலிழப்பு வந்ததுண்டா? பக்கவாதமோ, வந்து மறைந்த சிறு பக்கவாதமோ உண்டா? சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறீர்களா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 2-க்கு மேலா? ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி.

1999 கணக்குப்படி 3 அல்லது அதற்கு மேல் என்றால் பெரிய இதயச் சிக்கல் வரும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். பிற்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு கனடிய வழிகாட்டுதல் அதை 15 சதவீதம் என்கிறது. பூஜ்யம் வாங்கியவருக்கே 3.9 சதவீதம் என்று அது சொல்கிறது. எண் ஏன் கூடியது? இதயங்கள் கெட்டுப்போய்விடவில்லை. இதயத் தசை காயப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை வந்த பிறகு, முன்பு கண்ணில் படாத மாரடைப்புகளும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டன.

இந்த ஆறில் வயது இல்லை, கவனித்தீர்களா? வால்வு நோயும் இல்லை. ஒருவரைப் பற்றிய எல்லாவற்றையும் ஆறு கேள்விகள் சொல்லிவிடாது. 3 வந்தால் பயந்துவிடவும் வேண்டாம், 0 வந்தால் மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம். பேச்சைத் தொடங்க ஒரு எண், அவ்வளவுதான்.

"ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், எல்லாம் ஒரேயடியா எடுத்துட்டா நிம்மதியா இருக்குமே?"

இருக்காது. பரிசோதனை கூடக் கூட, அர்த்தமில்லாத சிறு மாறுதல்களும் கூடவே வரும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று என்று போய் ஆபரேஷன் தேதி தள்ளும். கண்புரை அறுவைக்கு முன் வழக்கமான பரிசோதனைகளைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2000-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஏறத்தாழ 19,000 அறுவைகள். இரண்டு பக்கமும் சிக்கல் ஒரே அளவுதான்.

எதை எடுப்பதற்கு முன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் முடிவு எப்படி வந்தால் நீங்கள் செய்யப்போவது மாறும்?" பதில் இல்லையென்றால் அந்தப் பரிசோதனை வேண்டியதில்லை. சிறிய ஆபரேஷனுக்கு அறிகுறியே இல்லாதவருக்கு ஈசிஜிகூடத் தேவையில்லை. இதய நோய் தெரிந்தவருக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் ஈசிஜி நல்லது. பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிடப் பழையது ஒன்று கையில் இருக்கும். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பார்ப்பது) யாருக்கு என்றால், காரணம் தெரியாத மூச்சிரைப்பு, புதிதாகக் கேட்கும் இதய முணுமுணுப்பு (ஸ்டெதஸ்கோப்பில் துடிப்போடு கேட்கும் கூடுதல் சத்தம்), இதயச் செயலிழப்பு இருந்து அண்மையில் மோசமானவர்கள். டிரெட்மில் போன்ற அழுத்தச் சோதனை, உடல்திறன் குறைவாகவும் ஆபரேஷன் பெரிதாகவும் இருந்து, முடிவு நம் வழியை மாற்றும் என்றால் மட்டும்.

"ரத்தத்துலயே இதய ஆபத்தைக் கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?"

ஓரளவுக்கு நிஜம். இதயத் தசை இழுபட்டு வேலை செய்யும்போது பி.என்.பி. என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. கனடிய வழிகாட்டுதல்படி, லீ குறியீட்டில் 1 புள்ளியாவது இருப்பவர்களுக்கும், 65 வயதைக் கடந்தவர்களுக்கும், தீவிர இதய நோயுள்ள இளையவர்களுக்கும் இதைப் பார்க்கலாம். பி.என்.பி. 92-க்கு மேல், அல்லது அதனோடு சேர்ந்தே சுரக்கும் என்.டி.-புரோ-பி.என்.பி. 300-க்கு மேல் இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு கூடுதல் கண்காணிப்பு. படி ஏறிக் காட்ட முடியாதவர்களுக்கு இது உதவும் என்று மேலே சொன்னேன். ஆனால் சிறுநீரகக் கோளாறு, இதயத் துடிப்புக் கோளாறு, முதிய வயது ஆகியவற்றிலும் இது ஏறும். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

"முன்னாடியே ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சுட்டு ஆபரேஷனுக்குப் போனா பாதுகாப்புதானே?"

கேட்க நியாயமாக இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 2004-இல் வெளிவந்த "கார்ப்" ஆய்வு அதைச் சோதித்தது. பெரிய ரத்தக்குழாய் அறுவைக்கு வந்த, இதயக் குழாய் நோயும் உள்ள 510 பேர். ஒரு பாதிக்கு முதலில் ஸ்டென்ட் அல்லது பைபாஸ், மறு பாதிக்கு நேரே அறுவை. இரண்டே முக்கால் ஆண்டு கழித்து இறந்தவர்கள் ஒரு பக்கம் 22 சதவீதம், மறுபக்கம் 23 சதவீதம். ஆபரேஷனை ஒட்டி வந்த மாரடைப்பிலும் வித்தியாசமில்லை. முதல் குழுவுக்கு அறுவை தாமதமானதுதான் மிச்சம். இடது முதன்மைக் குழாயில் கடும் அடைப்பு இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; அவர்கள் கதை வேறு.

ஆபரேஷனே இல்லாவிட்டாலும் இவருக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்படுமா? ஆம் என்றால் செய்யலாம். "ஆபரேஷனைத் தாண்டுவதற்காக" மட்டும் என்றால், வேண்டாம். ஸ்டென்ட் வைத்த பிறகு ஒரு புதுப் பிரச்சினை தொடங்குகிறது. அடுத்த கேள்வி அதுதான்.

"நாலு மாசம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப ஹெர்னியா ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

வலியோ சிக்கலோ இல்லாத ஹெர்னியா என்றால் காத்திருங்கள். ஸ்டென்ட்டின் உலோகத்தின் மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை அதில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் போன்ற இன்னொரு மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்காக அதை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம், அது உயிருக்கே ஆபத்து. நிறுத்தாமல் செய்தால் ரத்தம் கசியும்.

மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் 12 மாதம், நாள்பட்ட நெஞ்சுவலிக்காக வைத்தது என்றால் 6 மாதம் கழித்துத் திட்டமிட்ட ஆபரேஷன் செய்வது நல்லது. புற்றுநோய் மாதிரி தள்ளிப்போட முடியாதது என்றால் 3 மாதத்துக்குப் பின் ஆபத்தை எடைபோட்டுச் செய்கிறார்கள். முதல் 30 நாட்களுக்குள் செய்வது உயிர் போகும் நிலையில் மட்டும்தான். ஸ்டென்ட் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். எந்தத் தேதியில், எந்தக் குழாயில், எதற்காக வைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

"ரத்தம் மெலிசாக்கற மாத்திரையை எல்லாம் நிறுத்தணுமா?"

எல்லாம் ஒன்றல்ல. ஆஸ்பிரினை முதலில் எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த "பாய்ஸ்-2" ஆய்வில் 10,010 பேர். ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 7.0 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் மரணமோ மாரடைப்போ. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 3.8-லிருந்து 4.6 சதவீதமானது. ஆகவே ஸ்டென்ட் இல்லாதவருக்கு ஆபரேஷனுக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்குவதில் பயனில்லை. ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு, மூளை, தண்டுவடம் போன்ற இடங்களைத் தவிர, பொதுவாக ஆஸ்பிரினைத் தொடரவே பார்ப்போம்.

குளோபிடோக்ரல் 5 நாள், பிராசுக்ரல் 7 நாள், டிகாக்ரலோர் 3 முதல் 5 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம், அதுவும் ஸ்டென்ட் கெடு முடிந்திருந்தால். வார்ஃபரின் 5 நாள். அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவை 1 அல்லது 2 நாள். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இன்னும் முன்பே. வார்ஃபரினை நிறுத்திய நாட்களில் ஊசி போட்டு இடைவெளியை நிரப்பும் பழக்கம் பரவலாக இருந்தது. துடிப்புக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அது ரத்தக்கசிவைக் கூட்டுகிறதே தவிரப் பயன் தருவதில்லை என்று 2015-இல் "பிரிட்ஜ்" ஆய்வு காட்டியது. செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள் இந்தப் பத்தியைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது; அவர்களுக்குத் தனித் திட்டம்.

"அன்னிக்குக் காலையில பி.பி. மாத்திரை போடலாமா?"

மெட்டோபிரோலால், பிசோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் ஏற்கெனவே எடுப்பவர் கட்டாயம் போட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் நாடி எகிறும். கொழுப்புக்கான ஸ்டாட்டினும் அப்படியே. ராமிபிரில், டெல்மிசார்ட்டன் வகைகளை 24 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்லலாம். மயக்கத்தில் அழுத்தம் அதிகமாக இறங்காமலிருக்க. இதயச் செயலிழப்புக்காக எடுப்பவர்களுக்குத் தொடரச் சொல்வார்கள். ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரை போட்டால் பட்டினி கலையாது.

எடுக்காத ஒருவருக்கு அன்றைக்குக் காலையில் பீட்டா பிளாக்கர் ஆரம்பிப்பது வேறு விஷயம். 2008-இன் "பாய்ஸ்" ஆய்வில் 8,351 பேர். மாரடைப்பு 5.7-லிருந்து 4.2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் மரணம் 2.3-லிருந்து 3.1 ஆகவும், பக்கவாதம் 0.5-லிருந்து 1.0 ஆகவும் கூடின. இதயத்தைக் காப்பாற்றி ஆளை இழப்பதில் என்ன பயன்? தேவையென்றால் ஒரு வாரத்துக்கும் முன்பே தொடங்கி, அளவு பார்த்து வைக்க வேண்டும்.

அப்புறம், பலருக்கும் தெரியாத ஒன்று. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளைச் சர்க்கரைக்கு மட்டுமல்ல, இதயச் செயலிழப்புக்கும் கொடுக்கிறார்கள். இவற்றை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியோடு சேர்ந்தால், சர்க்கரை அளவு இயல்பாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். "எனக்குச் சர்க்கரையே இல்லையே" என்று இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுவாருங்கள்.

"தேதி குறிச்சு பட்டினியா போனா, பி.பி. 170-ன்னு திருப்பி அனுப்பலாமா?"

பெரும்பாலும் தேவையில்லை. பிரிட்டிஷ் மயக்கவியல், ரத்த அழுத்தச் சங்கங்களின் 2016 வழிகாட்டுதல், 180/110-க்குக் கீழே இருந்தால் ஆபரேஷனைத் தொடரலாம் என்கிறது. அதற்கு மேலே போனால்தான் தள்ளிவைப்பது பற்றிப் பேச வேண்டும். பதற்றத்தில் ஏறிய அழுத்தத்தை ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் இறக்கி, அழகான எண்ணோடு உள்ளே தள்ளுவது நல்ல வைத்தியம் அல்ல.

"மயக்க மருந்து வேண்டாம், முதுகுல ஊசி போட்டுச் செஞ்சா இதயத்துக்கு நல்லதுதானே?"

இதயத்துக்குப் பாதுகாப்பு என்று பார்த்தால் இரண்டுக்கும் சீரான வித்தியாசம் ஆய்வுகளில் தெரியவில்லை. முதுகில் ஊசி போட்ட சில நிமிடங்களில் கால்களின் ரத்தக்குழாய்கள் தளர்ந்துவிடும். நோயாளி "கால் சூடா இருக்கு" என்பார். அதே நேரம் திரையில் 130 என்று இருந்த அழுத்தம் 85-க்கு வந்திருக்கும், என் கை அடுத்த மருந்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு இது உடனே சரியாகிவிடும்.

பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கு இப்படித் திடீரென இறங்கினால் திரும்பக் கொண்டுவருவது கடினம். அவருக்குப் பொது மயக்கமே பாதுகாப்பாக இருக்கலாம். முறையை முன்கூட்டியே மனத்தில் முடிவு செய்துகொண்டு வராமல், மயக்க மருந்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

"இதயத்துல ஏதோ முணுமுணுப்பு கேக்குதுன்னு சொல்லி எக்கோ எழுதினாங்க. பயப்படணுமா?"

முணுமுணுப்புகளில் பெரும்பகுதி ஆபத்தில்லாதவை. நாங்கள் தேடுவது முந்தைய பதிலில் சொன்ன பெருந்தமனி வால்வுச் சுருக்கத்தைத்தான். வயதானவர்களிடம் அது வெளியே தெரியாமலே இருக்கலாம். நடக்கும்போது மூச்சிரைப்பு, நெஞ்சிறுக்கம், மயங்கி விழுதல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கடுமையாகவும் அறிகுறிகளோடும் இருந்தால், திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன் வால்வை மாற்றுவதுதான் முறை. இப்போது தொடை வழியாகவே பலருக்கு மாற்ற முடிகிறது. அறிகுறி இல்லை, இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது என்றால், தயாரிப்போடு ஆபரேஷன் செய்துவிடலாம்.

"பேஸ்மேக்கர் இருக்கு. கரன்ட் வச்சுச் சுடும்போது நின்னுடாதா?"

நிற்காது, ஆனால் குழம்பலாம். ரத்தத்தை நிறுத்தச் சுடும் கருவியின் மின் அலைகளை, "இதயம் தானே துடிக்கிறது" என்று பேஸ்மேக்கர் தவறாக எடுத்துக்கொண்டு ஓய்வெடுத்துவிடக்கூடும். தொப்புளுக்குக் கீழே செய்யும் ஆபரேஷனில் இது அரிது. சுடும் கருவியின் மின்பட்டையை உடலில் ஒட்டும் இடத்தைக் கவனிப்பதும், குறுகிய நேரம் மட்டும் சுடுவதும் உதவும். கருவியைக் கடந்த 12 மாதங்களுக்குள் சோதித்திருக்க வேண்டும்.

துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவி என்றால் 6 மாதங்களுக்குள் சோதித்திருக்க வேண்டும். ஆபரேஷன் நேரத்தில் அதன் அதிர்ச்சியை அணைத்து வைப்போம். முடிந்தபின், கண்காணிப்பிலிருந்து வெளியே போகும் முன் திரும்ப இயக்கிவிட்டார்களா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

"அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. எக்கோ வரட்டும்னு மூணு நாளா படுக்க வச்சிருக்காங்க. சரியா?"

பெரும்பாலும் சரியில்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நிமோனியா, ரத்தக்கட்டி, படுக்கைப்புண், மனக்குழப்பம் நெருங்குகின்றன. 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் இன்னும் முன்பே செய்வது நல்லது. முணுமுணுப்பு கேட்டாலும், வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டே மயக்கத்தைத் திட்டமிட முடியும். படுக்கையருகிலேயே விரைவான எக்கோ பார்க்கவும் முடியும்.

நிறுத்திவைக்க நியாயமான காரணங்கள் உண்டு: கட்டுக்குள் இல்லாத வேகமான துடிப்பு, நுரையீரலில் நீர் கோத்த இதயச் செயலிழப்பு, நடந்துகொண்டிருக்கும் மாரடைப்பு. அவையும் சில மணி நேரங்களில் சீர்செய்யப் பார்க்க வேண்டியவை. "எதற்காகக் காத்திருக்கிறோம், அது வந்தால் என்ன மாறும்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

"சிகரெட்டை ஆபரேஷனுக்கு முன்னாடி நாள் நிறுத்தினா போதுமா?"

ஒரு நாள்கூட உதவும். ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு அதற்குள் பெருமளவு குறைந்துவிடும், ஆக்சிஜன் சுமக்கும் திறன் கூடும். நுரையீரலும் காயம் ஆறுவதும் நன்றாக இருக்க 4 வாரமாவது வேண்டும். இன்றைக்கே நிறுத்துங்கள்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இனி இதயத்தைப் பத்திப் பயம் இல்லைல்ல?"

ஆபரேஷன் மேசையில் மாரடைப்பு வருவது அபூர்வம். வருவதெல்லாம் பெரும்பாலும் வார்டில், முதல் இரண்டு மூன்று நாட்களில். அதுவும் ஓசையில்லாமல். வலி மருந்து நெஞ்சுவலியை மறைத்துவிடும். மூச்சிரைப்பை ஆபரேஷன் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். பல நாடுகளில் நடந்த "விஷன்" ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் ட்ரோபோனின் ஏறி இதயத் தசை காயப்பட்டவர்களில் 10-க்கு 8 பேருக்கு மேல் எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் அடுத்த 30 நாட்களில் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது.

அதனால்தான் ஆபத்து கூடியவர்களுக்கு முதல் 48 முதல் 72 மணி நேரம் தினமும் ட்ரோபோனின் பார்க்கச் சொல்கிறார்கள். ஏறியிருந்தால் காரணம் தேடி, ரத்தசோகை, வேகத்துடிப்பு, குறைந்த அழுத்தம் ஆகியவற்றைச் சரிசெய்து, பொருத்தமானவர்களுக்கு ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் தொடங்கலாம். வீட்டிலிருப்பவர்கள் வார்டில் கவனிக்க வேண்டியவை: புதிதாக வரும் மூச்சிரைப்பு, வியர்த்துக் கொட்டுவது, காரணமில்லாத குமட்டல், திடீர் குழப்பம். "நேத்துப் பேசினவர் இன்னிக்குச் சரியாப் பேசல" என்றால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

"இதய டாக்டர் சரிங்கறார், மயக்க டாக்டர் வேண்டாங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?"

பல நேரம் இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். "இதயத்தில் இப்போது மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை" என்பதைத்தான் ஒருவர் "சரி" என்கிறார். "இந்த இதயத்தோடு நாலு மணி நேர ஆபரேஷன் இந்த மருத்துவமனையில் வேண்டாம், தீவிர சிகிச்சைப் படுக்கை உள்ள இடத்தில் செய்யலாம்" என்பதை மற்றவர் சுருக்கி "வேண்டாம்" என்கிறார். உங்கள் வழியாகச் சீட்டு அனுப்பிக்கொள்ளாமல், அறுவை மருத்துவரையும் சேர்த்து மூவரும் நேரில் பேசும்படி கேளுங்கள்.

"ஆபத்து அதிகம்னு சொல்லிட்டு முடிவை எங்க கிட்ட விட்டுட்டாங்க. நாங்க எப்படி முடிவு பண்றது?"

ஆபத்து அதிகம் என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் முடிவு செய்ய முடியாது. எண்ணாகக் கேளுங்கள்: "இதே நிலையில் 100 பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்கு இதயச் சிக்கல் வரும்?" செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே எண்ணில் கேளுங்கள். குடல் புற்றுக்கு 10 சதவீத இதய ஆபத்தை ஏற்கலாம். தொந்தரவு தராத ஹெர்னியாவுக்கு அதே 10 சதவீதம் மிக அதிகம். இடையில் வேறு வழி உண்டா என்றும் கேளுங்கள்: சிறிய ஆபரேஷன், துளை வழி முறை, கதிர்வீச்சு, சில மாதம் தள்ளி இதயத்தைத் தேற்றிவிட்டுச் செய்வது.

மிக முக்கியமாக, நோயாளியிடமே கேளுங்கள். ஆபத்து இருந்தாலும் திரும்ப நடக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. இருக்கிற நாளை வீட்டிலேயே கழிக்கிறேன் என்பவர்களும் உண்டு. இரண்டு பதிலையும் நாங்கள் மதிப்போம். நினைவு தெளிவாக இருப்பவர் சொல்வதைப் பிள்ளைகள் மாற்றிச் சொல்லும்போதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பேசும் அறையில் அவரையும் உட்கார வையுங்கள்.